நீருக்குள் வளரும் ஊனுண்ணிச் செடிக்கு இரை போட்டால் வளர்ச்சி கூடுமா?

ஜூலை 28 (வாசகர் கேள்வி)

மொட்டைமாடியில் தெர்மாக்கோல் பெட்டியில் யூட்ரிகுலேரியா வளர்க்கிறேன். நீருக்குள் மிதக்கும் வகை, மஞ்சள் பூ என்று சொன்னார்கள், இன்னும் பூக்கவில்லை. இரை போட்டால் செடி இரண்டு மடங்கு நீளும் என்று ஓரிடத்தில் படித்தேன். இரையே வேண்டாம், தண்ணீரில் இருப்பதே போதும் என்கிறார் செடி கொடுத்த நண்பர். மீன் கடையில் டாஃப்னியா (மீனுக்கு இரையாகப் போடும் நுண்ணிய நீர்ப்பூச்சி) கிடைக்கிறது. வாங்கிப் போடலாமா? யாராவது அளந்து பார்த்திருக்கிறீர்களா?

ஜூலை 29, காலை

கூடும். நான் ஆறு வருடமாக இதை வளர்க்கிறேன், கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் படித்த இரண்டு மடங்குக் கணக்கு மிகப் பழையது. பியூஸ்கன் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் 1888இல் யூட்ரிகுலேரியா வல்காரிஸ் செடியில் செய்து பார்த்தது. இரை கிடைத்த செடிகள், கிடைக்காதவற்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நீண்டன.

என்னிடம் இருப்பது யூட்ரிகுலேரியா ஆரியா என்ற வகை, சுருக்கமாக ஆரியா. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஏரியின் கலங்கலுக்குக் கீழே, நெல்வயல் வாய்க்காலில் எடுத்தது. வேலம்பாசி என்று நினைத்துத்தான் மீன்தொட்டிக்கு அள்ளி வந்தேன். வீட்டில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது இலை முழுக்கக் கடுகை விடச் சிறிய பைகள், சிலவற்றுக்குள் கறுப்பாக ஏதோ அசைந்துகொண்டிருந்தது. அன்று இரவு சாப்பாடு ஆறிப்போனது.

அளந்து பார்த்தீர்களா என்று கேட்டீர்கள். அளந்ததில்லை. பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். இதை எழுதும்போதே அது உறுத்துகிறது. இந்த மாதமே அளந்துவிடுகிறேன்.

ஜூலை 29, இரவு

டாஃப்னியாவை எப்படிப் "போடுவது" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். செடியின் வாயில் நாம் வைக்க வேண்டியதில்லை. தண்ணீரில் விட்டால் போதும்.

இலையில் இருக்கும் பைகள்தான் இரை பிடிக்கும் பொறி. ஒவ்வொரு பையும் உள்ளே இருக்கும் தண்ணீரை ஓயாமல் வெளியே இறைத்துக்கொண்டே இருக்கும். உள்ளே அழுத்தம் குறைந்து, பையின் பக்கச் சுவர்கள் ஒடுங்கி நிற்கும். வாயில் ஒரு கதவு, கதவில் சில மயிர்கள். நீந்திப் போகும் பூச்சி மயிரில் தட்டினால் கதவு உள்ளே மடங்கும், தண்ணீரோடு பூச்சியும் உள்ளே போய்விடும். இதெல்லாம் ஒரு மில்லிசெகண்டுக்குள் நடக்கிறது என்று 2011இல் அதிவேகக் கேமராவில் பிடித்துக் காட்டினார்கள். செடி உலகத்தில் மிக வேகமான அசைவுகளில் ஒன்று. கதவு மூடியதும் மறுபடி இறைக்கத் தொடங்கும். அரை மணி நேரத்தில் அடுத்த இரைக்குத் தயார்.

ஒரு எச்சரிக்கை. வளர்ந்த டாஃப்னியா இரண்டு மூன்று மில்லிமீட்டர் வரும். ஆரியாவின் சின்னப் பைக்குள் நுழையாது, கொம்பு மட்டும் மாட்டிக்கொண்டு கிடக்கும். அதே மாதிரிச் சிறிய நீர்ப்பூச்சியான மொய்னா வாங்குங்கள், ஒரு மில்லிமீட்டர்தான். டாஃப்னியாதான் கிடைக்கிறது என்றால் டீ வடிகட்டியில் வடித்து, கீழே இறங்கும் குஞ்சுகளை மட்டும் விடுங்கள்.

ஆகஸ்ட் 5

ஆரம்பித்துவிட்டேன்.

இரண்டு பிளாஸ்டிக் டப்கள், ஒவ்வொன்றிலும் 20 லிட்டர் மழைத்தண்ணீர். போன வருட மழையை டிரம்மில் மூடிவைத்திருந்தேன். அடியில் ஆளுக்கு நான்கு காய்ந்த பாதாம் இலை. ஒரே வெயில், மேலே ஒரே பச்சை நிழல்வலை. டப்புக்கு ஆறு செடி. எல்லாவற்றையும் நுனியிலிருந்து 15 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, எந்தச் செடி எது என்று அடையாளம் தெரிய, நுனியிலிருந்து ஐந்தாவது கணுவில் வெவ்வேறு நிறத் தையல் நூல் கட்டியிருக்கிறேன். ஒரு டப்பில் இரண்டு நாளுக்கு ஒரு முறை ஒரு கரண்டி மொய்னா. மற்றதில் ஒன்றும் இல்லை, துணியில் வடிகட்டிய தண்ணீர் மட்டும்.

ஆகஸ்ட் 17

வித்தியாசம் இல்லை.

இரை போட்ட டப்பில் சராசரி 22 செ.மீ. போடாததில் 21. ஸ்கேலை வைத்து இரண்டு முறை அளந்தேன். ஆறு வருடமாக "கூடும்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். மனது கேட்கவில்லை.

ஆகஸ்ட் 19

17ஆம் தேதி எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் அளந்த முறையே தப்பு.

நேற்று நூல் நிறத்தைப் பார்த்துச் செடிகளைப் பிரிக்க உட்கார்ந்தேன். நூலைக் காணோம். நுனிக்குப் பக்கத்தில் ஐந்தாவது கணுவில் கட்டியது, செடியின் வால்பக்கம், பழுத்துப் பழுப்பான கணுக்களுக்கு நடுவில் இருக்கிறது. இரண்டு செடிகளில் அங்கேயும் இல்லை. தேடினால் டப்பின் அடியில், மக்கிப்போன தண்டுத் துண்டோடு கிடக்கிறது.

நூல் நகரவில்லை, செடிதான் நூலைத் தாண்டிப் போயிருக்கிறது. இந்தச் செடிக்கு வேர் கிடையாது. முன்பக்கம் நுனியில் நாளுக்கு இரண்டு மூன்று கணு புதிதாக வரும், பின்பக்கம் கிட்டத்தட்ட அதே வேகத்தில் மக்கிக்கொண்டே போகும். செக் குடியரசில் த்ரெபோன் ஊரில் இருக்கும் லுபோமீர் ஆடமெட்ஸ், நீர்வாழ் ஊனுண்ணிகளைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தவர், இதைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். நீளம் மாறாமலே செடி தன்னை முழுசாகப் புதுப்பித்துக்கொண்டிருக்கும். வால் சாகும் முன் அதிலிருக்கும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் பெரும்பங்கு முன்பக்கத்துக்கு இழுத்துக்கொள்ளும். பொட்டாசியத்தை அப்படி மீட்பதில்லை, அது போனது போனதுதான். அதைத் தண்ணீரிலிருந்துதான் புதிதாக எடுக்க வேண்டும்.

ஆகவே நீளத்தை அளப்பது, ஓடும் வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் வந்தது என்பதை ஒரு குச்சியை நட்டு ஆழம் பார்த்துச் சொல்வது மாதிரி. எண்ண வேண்டியது இரண்டு. நாளுக்கு எத்தனை புதுக் கணு, எத்தனை கிளை.

இதைப் பல வருடம் முன்பே படித்திருக்கிறேன். நூல் வாலுக்குப் போய்ச் சேர்ந்ததைப் பார்த்தபோதுதான் மண்டையில் ஏறியது.

ஆகஸ்ட் 20

பியூஸ்கன் நீளத்தைத்தானே அளந்தார், அப்படியானால் அவரும் தப்பா என்று கேட்டிருக்கிறார் ஒருவர். இல்லை. சிறு செடியிலிருந்து தொடங்கினால், வால் மக்க ஆரம்பிக்கும் வரை நீளம் உண்மையான வளர்ச்சிதான். நான் 15 செ.மீ. வளர்ந்த துண்டிலிருந்து தொடங்கினேன், அதில் வால் ஏற்கெனவே மக்கத் தயாராக இருந்தது.

செப்டம்பர் 2

இரை போட்ட டப் கெட்டுவிட்டது.

நூல்பாசி. ஒரு வாரத்தில் செடியைச் சுற்றிப் பஞ்சு மாதிரி படர்ந்துவிட்டது. எடுத்து அலசினால் இலையும் சேர்ந்து வருகிறது. இரை போடாத டப் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிறது, செடிகள் மெலிவாக இருந்தாலும் உயிரோடு இருக்கின்றன. இந்தப் பக்கத்தை இப்போது ஒருவர் வந்து பார்த்தால், இரை போட்டதால் செடி செத்தது என்றுதான் முடிவுகட்டுவார்.

என்ன நடந்தது என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். ஒரு கரண்டி மொய்னா அதிகம். பிடிபட்டது கொஞ்சம், மீதி செத்து அடியில் மக்கியது. அந்தச் சத்தை யூட்ரிகுலேரியாவைவிடப் பாசி வேகமாக எடுத்துக்கொண்டது. அதோடு பாசி பகலில் தண்ணீரிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிவிடுகிறது. நேற்று மத்தியானம் மூன்று மணிக்கு பி.எச். பார்த்தேன், 9ஐத் தொட்டது. அந்த நிலையில் தண்ணீரில் இருக்கும் கார்பன் பெரும்பாலும் பைகார்பனேட்டாக மாறிவிடும். வேலம்பாசி அதையும் பயன்படுத்திப் பிழைத்துக்கொள்ளும். நீர்வாழ் யூட்ரிகுலேரியாக்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தத் திறமை இல்லை, கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு மட்டும்தான் வேண்டும். ஆல்ட்ரோவாண்டா என்ற இன்னொரு நீர்வாழ் ஊனுண்ணியும் அப்படியே.

இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள், நானும் தவறினேன். இரை என்பது சோறு என்று மனதில் பதிந்துவிட்டது. அப்படி இல்லை. செடியின் சோறு வெளிச்சமும் கார்பன் டை ஆக்சைடும்தான். இரையிலிருந்து கிடைப்பது முக்கியமாக நைட்ரஜனும் பாஸ்பரஸும். வீடு கட்டச் செங்கல் வராமல் நிற்கும்போது லாரி லாரியாக ஆணி கொண்டுவந்து இறக்கி என்ன பயன்? கார்பன் இல்லாத தண்ணீரில் எவ்வளவு இரை போட்டாலும் வளர்ச்சி நகராது. அந்தச் சத்து பாசிக்குத்தான் போகும்.

பாதாம் இலை போடுவது நிறத்துக்காக மட்டும் இல்லை. அது மெல்ல மக்கும்போது கார்பன் டை ஆக்சைடு வருகிறது. செக் நாட்டில் கோரைச்சருகைப் போட்டு இதே வேலையைச் செய்துகொள்கிறார்கள். என் டப்புக்கு நான்கு இலை போதவில்லை.

செப்டம்பர் 4

போர் தண்ணீரில் வளர்க்கலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். உங்கள் போரில் உப்புக்கறை பிடிக்கும் என்றால் வேண்டாம். என் வீட்டு போர் தண்ணீரில் ஒரு முறை வைத்தேன், பத்து நாளில் நுனி சுருங்கி நின்றுவிட்டது. மழைத்தண்ணீர் நல்லது. ஆர்.ஓ. தண்ணீர் பரவாயில்லை, ஆனால் அதில் பொட்டாசியம் உட்பட எதுவும் இருக்காது, ஒரு பங்கு ஏரித்தண்ணீர் கலந்துகொள்ளுங்கள்.

செப்டம்பர் 6

மறுபடி ஆரம்பம். இந்த முறை டப்புக்குப் பதினைந்து பாதாம் இலை, இரை வாரத்துக்கு இரண்டு முறை, அதுவும் ஒரு டீஸ்பூன். நூல் எல்லாவற்றிலும் மூன்றாவது கணுவில்.

செப்டம்பர் 11

காத்திருக்கும் நேரத்தில் ஒரு பழைய கதை. சென்ற வாரம் முழுக்க இதிலேயே இருந்தேன்.

டார்வின் 1875இல் பூச்சியுண்ணும் செடிகளைப் பற்றி எழுதிய நூலில் யூட்ரிகுலேரியாவுக்குத் தனியாக இடம் கொடுத்திருக்கிறார். பூச்சிகள் தலையை ஆப்பு மாதிரி வைத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு தாமே உள்ளே போகின்றன என்பது அவர் முடிவு. ஆனால் அதே அத்தியாயத்தில், நீலக் கண்ணாடித் துணுக்குகளையும் மரத்துணுக்குகளையும் கதவின் மேல் வைத்ததாகவும், சில திடீரென்று உள்ளே காணாமல் போனதாகவும் எழுதுகிறார். கண்ணாடித் துணுக்குக்குத் தலையும் இல்லை, தள்ளும் பலமும் இல்லை. பை உறிஞ்சுவது அவர் கண்முன்னாலேயே நடந்திருக்கிறது. அதைப் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தட்டிச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

அதே காலத்தில் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் மேரி ட்ரீட் என்ற பெண்மணி நுண்ணோக்கியின் முன் மணிக்கணக்காக உட்கார்ந்து, கொசுப்புழு உள்ளே இழுபடுவதைப் பார்த்துக் குறித்திருக்கிறார். உயிர்கள் உள்ளே போவதை நேரில் பார்ப்பதில் மற்ற எவரையும்விட அவரே அதிகம் வெற்றி பெற்றார் என்று டார்வினே ஒப்புக்கொள்கிறார்.

அப்புறம், நம் ஆட்கள். டி. ஏகாம்பரம் 1916இல் யூட்ரிகுலேரியா ஃபிளெக்சுவோசாவின் பைகள் தொட்டால் எப்படி வினை செய்கின்றன என்று இந்திய வேளாண் இதழில் எழுதியிருக்கிறார். ஃபிளெக்சுவோசா என்பது ஆரியாவின் பழைய பெயர். என் டப்பில் இருக்கும் அதே செடி! இதை நம் பாடப்புத்தகங்களில் ஒரு வரி சேர்த்திருந்தால் எத்தனை பிள்ளைகள் வாய்க்காலில் இறங்கித் தேடியிருப்பார்கள்.

டார்வின் இன்னொன்றும் சொன்னார். இந்தப் பைகள் செரிப்பதில்லை, அழுகியதை உறிஞ்சுகின்றன, அவ்வளவுதான் என்று. பின்னால் பைகளுக்குள் செரிக்கும் நொதிகளை அளந்தார்கள், பாஸ்பரஸைப் பிரித்தெடுக்கும் பாஸ்பட்டேஸ் குறிப்பாக அதிகம். ஆனால் உள்ளே குடியிருக்கும் பாக்டீரியாக்களும் வேலையில் பங்கெடுக்கின்றன, எனவே அவர் சொன்னதில் பாதி நிற்கிறது.

செப்டம்பர் 27

மூன்று வாரம் முடிந்தது.

புதுக் கணுக்கள்: இரை போட்ட டப்பில் நாளுக்கு 2.8, போடாததில் 2.3. பெரிய வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன்.

கிளைகள்: இரை போட்ட ஆறு செடிகளில் மொத்தம் 26 புதுக் கிளை. போடாததில் 7.

இந்த எண்ணை மூன்று முறை எண்ணினேன், என் மகளையும் உட்காரவைத்து எண்ணச் சொன்னேன். அவள் 27 என்றாள், ஒரு கிளைமொட்டைக் கிளையாக எடுத்துக்கொள்வதா என்பதில் சண்டை. நான் ஆறு வருடமாகக் கண்ணால் பார்த்தது இதுதான் போல. ஏரித்தண்ணீரை மாற்றும்போது பூச்சிகளும் சேர்ந்து வரும், அடுத்த மாதம் டப் நிறைந்துவிடும். ஒவ்வொரு செடியும் நீண்டு நிறையவில்லை, ஒவ்வொன்றும் நான்கு ஐந்தாகப் பிரிந்து நிறைந்திருக்கிறது. வால் மக்கும்போது கிளை தாயிடமிருந்து கழன்று தனிச் செடியாகிவிடும். வேர் இல்லாத இந்தச் செடிக்கு வம்சம் பெருகுவதும் வளர்வதும் ஒன்றேதான்.

அக்டோபர் 5

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் ஒரே வரி எழுதியிருக்கிறார்: "மொய்னா வந்த தண்ணீரில் என்ன இருந்தது?"

இரண்டு நாள் தூக்கம் போனது. மொய்னா வளர்ப்பது பச்சைத் தண்ணீரில். அதில் உரம் இருக்கிறது, நுண்பாசி இருக்கிறது. ஒவ்வொரு டீஸ்பூனோடும் அந்தத் தண்ணீரும் இரை டப்புக்குள் போயிருக்கிறது. மற்ற டப்புக்குப் போனது வடிகட்டிய மழைத்தண்ணீர். 26க்கும் 7க்கும் நடுவில் எவ்வளவு பூச்சியால், எவ்வளவு உரத்தால் என்று என்னால் சொல்ல முடியாது. கேட்டவருக்கு நன்றி. ரொம்ப நியாயமான கேள்வி.

மூன்றாவது முறை செய்கிறேன். இந்த முறை பன்னிரண்டு செடியும் ஒரே டப்பில். சிவப்பு நூல் ஆறுக்கு இரை, வெள்ளை நூல் ஆறுக்கு இல்லை. வாரம் இரண்டு முறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, சிவப்பு நூலை மொய்னா இருக்கும் கிண்ணத்திலும், வெள்ளை நூலை அதே பச்சைத் தண்ணீரை நெருக்கமான துணியில் வடித்து மொய்னா இல்லாமல் ஆக்கிய கிண்ணத்திலும் இரண்டு மணி நேரம் வைத்து, அலசி, டப்பில் திரும்ப விடுவது.

அக்டோபர் 6

செடியைத் தண்ணீரைவிட்டுத் தூக்காதீர்கள்! நேற்று கையால் தூக்கினேன், சட சடவென்று மெல்லிய சத்தம். காதுக்குப் பக்கத்தில் வைத்தால் பாப்கார்ன் பொரிவது மாதிரிக் கேட்கும். பைகள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்து காற்றை உறிஞ்சிவிட்டன. உள்ளே குமிழி, செடி முழுக்க மிதக்கிறது. அந்தப் பைகள் உடனே இரை பிடிக்காது. செடியைக் கிண்ணத்தோடு தண்ணீருக்குள்ளேயே முக்கி எடுங்கள்.

அக்டோபர் 28

முடிவு வந்துவிட்டது.

கணு: சிவப்பு நூல் 2.7, வெள்ளை நூல் 2.5. கிளை: சிவப்பு 19, வெள்ளை 8.

முதலில் சொன்ன 26க்கு 7 என்பது அதிகப்படி. அதில் ஒரு பங்கு உரத்தண்ணீரின் வேலை. ஆனால் அதைக் கழித்தபிறகும் இரைக்கு ஒரு பங்கு மிஞ்சி நிற்கிறது. பன்னிரண்டு செடி, 21 நாள், ஒரு மொட்டைமாடி. அந்த அளவுக்குத்தான் இதை நம்பலாம்.

நான் எதிர்பார்க்காத ஒன்று பைகளின் எண்ணிக்கை. கடைசியாக விரிந்த இலையில் எண்ணிப் பார்த்தேன். வெள்ளை நூல் செடிகளில் ஓர் இலைக்கு 40ஐ ஒட்டி. சிவப்பு நூலில் 25, 28 என்று. இரை கிடைத்த செடி பையைக் குறைத்துக்கொள்கிறது.

இது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் இல்லை. நீர்வாழ் வகைகளில் பைகளின் பங்கு செடியின் எடையில் 10 சதவீதத்திலிருந்து 50 சதவீதம் வரை ஏறி இறங்கும் என்பது தெரிந்ததே. ஏன் குறைக்க வேண்டும் என்பதற்கு ஆடமெட்ஸ் 2006இல் வெளியிட்ட அளவுகளைப் பாருங்கள். ஆறு யூட்ரிகுலேரியா வகைகளில், பையின் சுவாசச் செலவு இலையைவிட 75 முதல் 200 சதவீதம் அதிகம். ஒளிச்சேர்க்கையிலோ இலை பையைவிட 7 முதல் 10 மடங்கு அதிகம் செய்கிறது. பை என்பது ஓயாமல் ஓடும் மோட்டார் பம்பு. கரண்ட் பில் வரும், வருமானம் வராது. வயிறு நிறைந்த செடி பம்பைக் குறைத்து இலையைக் கூட்டுகிறது. இதை என் டப்பிலேயே பார்த்தபோது ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நவம்பர் 14

மூன்று நாள் மழை. டப் வழிந்து சிவப்பும் வெள்ளையும் பக்கத்து டப்போடு கலந்துவிட்டன. மாடி முழுக்கச் செடி. கொசு வருமே என்று கீழ்வீட்டில் கேட்டார்கள். நியாயமான பயம், இது டெங்கு காலம். யூட்ரிகுலேரியா இருக்கிறதே என்று நம்பி விடாதீர்கள். புதிதாகப் பொரிந்த கொசுப்புழுவைப் பிடிக்கும். வளர்ந்த புழுவைப் பாதி விழுங்கி அப்படியே நிற்கும், தப்பிப்பதும் உண்டு. டப்பில் நான்கு கப்பி மீனை விட்டேன். கப்பி மொய்னாவையும் தின்னும், எனவே இனி இந்த டப்பில் கணக்கு இல்லை.

நவம்பர் 23

மழையால் வீட்டுக்குள் இருந்தபோது பழைய பைகளைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பிதுக்கி, பையனின் பள்ளி நுண்ணோக்கியில் பார்த்தேன். வெள்ளை நூல் செடியின் பைகள். இரையே போடாதவை, எனவே காலி என்று நினைத்திருந்தேன்.

காலி இல்லை. பச்சைப் பாசி, டயாட்டம் என்ற நுண்பாசி, சுற்றிச் சுற்றி ஓடும் ஒற்றைச்செல் உயிர்கள். சில உயிரோடு நிம்மதியாகக் குடித்தனம் நடத்துகின்றன. பைகள் யாரும் தொடாமலே அவ்வப்போது தானாகத் திறந்து உறிஞ்சும் என்று படித்திருக்கிறேன், இவை அப்படி உள்ளே போனவையாக இருக்கும்.

ஆக, "இரை போடாத செடி" என்று நான் மூன்று மாதமாக எழுதியது சரியான சொல் இல்லை. "மொய்னா போடாத செடி" என்று சொல்ல வேண்டும். ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பில் ஜெனிஃபர் ரிச்சர்ட்ஸ் யூட்ரிகுலேரியா பர்பூரியாவின் பைகளைத் திறந்து பார்த்து 2001இல் எழுதியதும் இதுதான். பிடித்துத் தின்ற பூச்சிகள் குறைவு, உயிரோடு வாழும் பாசிகளும் நுண்ணுயிர்களும் நிறைய. அந்தச் செடிக்கு இரை பிடிப்பது முக்கியமா, உள்ளே ஒரு கூட்டத்தைக் குடிவைத்து அவற்றோடு கொடுக்கல் வாங்கல் செய்வது முக்கியமா என்று அவர் கேட்டார். ஆஸ்திரியாவில் பைகளைப் பிரித்துப் பார்த்தவர்கள், பாசி பிடிபடுவதே செடியின் வளர்ச்சிக்கும் பெருக்கத்துக்கும் உதவுகிறது என்று 2015இல் எழுதினார்கள். செடி தான் செய்த சர்க்கரையில் கொஞ்சத்தைப் பைக்குள் இருக்கும் நீரில் விடுகிறது என்பதும் அளந்து காட்டப்பட்டிருக்கிறது. உள்ளே இருப்பவர்களுக்குச் சாப்பாடு போட்டுத்தான் வேலை வாங்குகிறது.

ஜூலையில் கேள்வி கேட்டவரின் நண்பர் "தண்ணீரில் இருப்பதே போதும்" என்றாராம். உயிர் வாழ்வதற்கு, அவர் சொன்னது சரிதான். நான் அவரை அன்று கண்டுகொள்ளாமல் தாண்டிப் போனேன்.

டிசம்பர் 9

ஆல்ட்ரோவாண்டாவுக்கும் இதே கதையா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் இல்லை, வளர்த்ததும் இல்லை, படித்ததை மட்டும் சொல்கிறேன். அதுவும் வேர் இல்லாதது, முன்னே வளர்ந்து பின்னே மக்குவது. பையில்லை, சிப்பி மாதிரி இரண்டு மடல், தட்டினால் மூடும். வீனஸ் பூச்சிப்பொறிக்கு உறவுக்காரச் செடி. அதற்கும் இரை கொடுத்தால் வளர்ச்சியும் கிளையும் கூடுகின்றன, தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு தாராளமாக இருந்தால்.

இன்னொரு விஷயம். ஐரோப்பியத் தாவர நூல்களில் அது முதலில் ஏறியது இந்தியாவிலிருந்து போன மாதிரியை வைத்து. 1696இல் பிளூக்கனெட் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் அதை இந்தியச் சதுப்புப் பாசி என்ற பொருளில் லத்தீனில் குறித்தார். வங்காளத்து நீர்நிலைகளில் இருந்தது. இன்று உலகம் முழுக்க அருகிவிட்டது. எங்கேயாவது பார்த்தால் தயவுசெய்து அள்ளிக்கொண்டு வராதீர்கள், படம் எடுங்கள். ஆரியா மாதிரி அது வாய்க்காலுக்கு வாய்க்கால் கிடைப்பதில்லை.

டிசம்பர் 21

கேள்வி கேட்டவர் படம் போட்டிருக்கிறார். செடி நன்றாக இருக்கிறது. பூந்தண்டின் நடுவில் நட்சத்திரம் மாதிரி மிதவைகள் தெரிகின்றன, எனவே ஆரியா இல்லை. பூவும் மஞ்சளாக இருப்பதால் யூட்ரிகுலேரியா ஸ்டெல்லாரிஸ் என்ற வகை என்று நினைக்கிறேன். வளர்ப்பு முறை ஒன்றுதான்.

பழைய பைகள் பாதிக்கு மேல் கருநீலமாக இருக்கின்றன. அவை நிறைந்த பைகள். உங்கள் தண்ணீரில் ஏற்கெனவே பூச்சி இருக்கிறது, கடையில் வாங்க வேண்டியதில்லை. புது இலையில் பைகள் அடர்த்தியாகவும் கண்ணாடி மாதிரியும் இருந்தால் மட்டும் வாரத்துக்கு ஒரு சிட்டிகை விடுங்கள். அடுத்த நாள் நீந்திக்கொண்டு மிஞ்சியிருந்தால் அது அதிகம். அதற்கு முன் சருகைக் கூட்டுங்கள், படத்தில் பெட்டியின் அடி வெறுமையாகத் தெரிகிறது.

ஜனவரி 8

மழை நின்றது. கலந்துபோன செடிகளிலிருந்து பன்னிரண்டு நுனி வெட்டி மறுபடி வைத்திருக்கிறேன், கப்பி இல்லாத டப்பில். இந்த முறை ஒரே செடியின் கிளைகளை இரண்டாகப் பிரித்திருக்கிறேன். ஒவ்வொரு சிவப்பு நூலுக்கும் கூடப்பிறந்த ஒரு வெள்ளை நூல் இருக்கும். பாதி வழியில் சிவப்பையும் வெள்ளையையும் மாற்றப் போகிறேன். இரை நின்றால் பைகள் மறுபடி கூடுகின்றனவா, எத்தனை நாளில் என்று பார்க்க வேண்டும். நூல் நுனியிலிருந்து மூன்றாவது கணுவில், இன்று காலை ஏழு மணிக்குக் கட்டியது.